கண்ணும் காலுமான இரட்டையர்

கண் தெரியாதவன் தோளில் கால் நடக்காதவன் ஏறிக்கொண்டு வழி காட்டினான் என்ற கதையை நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவில் அந்தக் கதை ஏறக்குறைய அப்படியே நடந்தது. கண் இழந்தவர் சன்னி டெர்ரி. கால் ஊனமுற்றவர் பிரவுனி மக்கீ. ஒருவர் கையில் மவுத் ஆர்கன். மற்றவர் கையில் கிதார். கறுப்பின மக்களின் நாட்டுப் பாடல்களை இந்த இருவரும் சுமார் 35 ஆண்டுகள் ஊர் ஊராக, தேசம் தேசமாகக் கொண்டு சென்றார்கள்.

ஆனால், அந்தக் கதையில் வராத ஒரு முடிவு இவர்கள் வாழ்வில் வந்தது.

இரண்டு விபத்துகள்

சன்னி டெர்ரியின் இயற்பெயர் சாண்டர்ஸ் டெரல். 1911-ம் ஆண்டு ஜார்ஜியா மாகாணத்தில் பிறந்தார். தகப்பனார் விவசாயி. வயல் வேலை முடிந்த நேரத்தில் மவுத் ஆர்கன் வாசிப்பார். ஊர் நடனங்களுக்கும் வாசிக்கப் போவார். நரியை வேட்டை நாய்கள் துரத்துவதைப் போல் வாசிக்கும் வித்தையை மகன் அவரிடம்தான் கற்றான்.

மகனும் ஏர் பிடிக்கப் பிறந்தவன்தான். ஆனால் சிறு வயதில் ஒரு விபத்து. சில ஆண்டுகள் கழித்து இன்னொரு விபத்து. பதினாறு வயதுக்குள் இரு கண்களின் பார்வையும் பெரும்பாலும் போய்விட்டது. கண் இல்லாமல் வயலில் என்ன செய்ய முடியும்? தகப்பனார் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த வாத்தியமே பிழைப்பாயிற்று.

புகையிலைச் சந்தை

வட கரோலினா மாகாணத்தில் டர்ஹாம் என்ற ஊர் அந்நாளில் புகையிலைக்குப் பெயர் போனது. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் புகையிலையை அங்கே ஏலத்துக்குக் கொண்டு வருவார்கள். ஏலம் முடிந்தால் மடியில் பணம் இருக்கும். அந்தப் பணத்தில் நாலு காசு கேட்டு, கிடங்கு வாசலிலும் தெரு முனையிலும் பாட்டுக்காரர்கள் நிற்பார்கள்.

அவர்களில் பெயர் பெற்றவர் பிளைண்ட் பாய் புல்லர். அவரும் கண் தெரியாதவர், கிதாரில் வல்லவர். டெர்ரி அவரோடு சேர்ந்துகொண்டார். தெருவில் வாசித்த இவர்களை இசைத்தட்டுக் கம்பெனியும் அழைத்தது. 1937-ல் டெர்ரி புல்லருடன் முதன்முதலாக இசைத்தட்டுக்கு வாசித்தார்.

சிறு வாத்தியம், பெரிய ஜாலம்

டெர்ரி வாசித்த மவுத் ஆர்கனில் பத்தே துளைகள். ஊதினால் ஒரு சுரம். மூச்சை உள்ளே இழுத்தால் வேறொரு சுரம். கடையில் வாங்கும் எவரும் ஊதித்தான் வாசிப்பார். கறுப்பினக் கலைஞர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். மூச்சை இழுத்து வாசித்தால் சுரத்தை வளைக்கலாம், குழைக்கலாம், அழ வைக்கலாம் என்று கண்டுகொண்டார்கள். சி சுருதிக்குச் செய்த வாத்தியத்தில் ஜி சுருதிப் பாட்டை வாசிப்பது அப்படி வந்த வித்தைதான்.

இதில் டெர்ரி மன்னர். வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடிப்பார். கீழ்ச் சுரங்கள் அவருக்கு வலப் பக்கம். ரயில் புறப்படும், வேகம் எடுக்கும், ஊளையிடும். வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்த கணத்தில் அவர் தொண்டையிலிருந்து ஒரு கூவல் எழும்பும். எது வாத்தியம், எது குரல் என்று சட்டென்று தெரியாது.

புகழ் வாய்ந்த மேடை

1938-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி நியூயார்க் நகரத்தின் கார்னகி ஹாலில் ஒரு பெரிய கச்சேரி. கறுப்பின மக்களின் இசையை நகரத்து ரசிகர்களுக்குக் காட்ட ஜான் ஹாமண்ட் என்பவர் ஏற்பாடு செய்தது. அவர் தேடி வந்தது புல்லரை. புல்லரோ அப்போது சிறையில் இருந்தார். அதனால் டெர்ரியை அழைத்துப் போனார்கள்.

தெரு முனையில் நின்றவர் கார்னகி ஹாலில் வாசித்தார். சபை ஆரவாரம் செய்தது. கச்சேரி முடிந்தது, டெர்ரி மறுபடியும் டர்ஹாமுக்கே திரும்பினார். ஒரு நாள் கைதட்டல் பிழைப்புக்கு வழி ஆகிவிடவில்லை.

1941 பிப்ரவரியில் புல்லர் காலமானார். டெர்ரி துணையின்றி நின்றார்.

ஜோடி சேர்ந்தது

அந்த இடத்துக்கு வந்தவர்தான் பிரவுனி மக்கீ. டென்னசி மாகாணத்தில் நாக்ஸ்வில் நகரில் 1915-ல் பிறந்தவர். நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கி ஒரு கால் சூம்பிவிட்டது. அவரை வண்டியில் உட்கார வைத்துக் கோலால் தள்ளிக்கொண்டு போவது தம்பியின் வேலை. அதனாலேயே தம்பிக்கு 'ஸ்டிக்' என்று பெயர் நிலைத்தது. வாலிப வயதில் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பிரவுனி நொண்டி நொண்டி நடந்தார்.

புல்லர் இறந்ததும் இசைத்தட்டுக் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. 'இரண்டாவது பிளைண்ட் பாய் புல்லர்' என்று போட்டு பிரவுனியின் இசைத்தட்டுகளை விற்றது. கண் நன்றாகத் தெரிந்த மனிதர், இறந்துபோன குருடரின் பெயரைச் சுமந்தார்!

1942 வாக்கில் இருவரும் நியூயார்க் சேர்ந்தார்கள். லெட்பெல்லி என்ற மூத்த பாடகர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். உடி கத்ரி, பீட் சீகர் போன்ற பாடகர்களின் நட்பும் கிடைத்தது. ஹார்லம் தெருக்களில் இருவரும் பாடிக் காசு சேர்த்தார்கள். பிறகு நாடக மேடை அழைத்தது. 1947-ல் 'பினியன்ஸ் ரெயின்போ' நாடகத்தில் டெர்ரி வாசித்தார். 1955-ல் டென்னசி வில்லியம்ஸ் எழுதிய 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூப்' நாடகத்தில் இருவரும் தோன்றினார்கள்.

கடல் கடந்து

1958-ல் இருவரும் பிரிட்டனுக்குச் சென்றார்கள். 1962-ல் ஐரோப்பாவைச் சுற்றிய கறுப்பின இசைக் குழுவிலும் இடம் பெற்றார்கள். கல்லூரிகள், இசை விழாக்கள், சிறு காபி விடுதிகள் என்று ஆண்டில் பெரும் பகுதி பயணத்திலேயே கழிந்தது. சொந்த நாட்டிலோ, தென் மாகாணங்களில் கறுப்பர்களுக்கு ஓட்டலிலும் விடுதியிலும் இடம் மறுப்பதை 1964-ல்தான் சட்டம் தடை செய்தது.

ஒரு விசித்திரம். ஹார்லம் ரசிகர்களுக்காக பிரவுனி புது மோஸ்தரில் மின்சார கிதார் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டதுண்டு. வெள்ளைக்கார ரசிகர்கள் கேட்டதோ பழைய கிராமத்துப் பாட்டு. வெறும் கிதார், வெறும் மவுத் ஆர்கன். கேட்டதைக் கொடுத்தார்கள், பிழைப்பு நடந்தது.

பேச்சு நின்றது

மேடையில் பார்த்தவர்கள் இவர்களை உயிர் நண்பர்கள் என்றே நினைத்தார்கள். உண்மை வேறு. இருவரும் தாமாகத் தேடிச் சேர்ந்த சிநேகிதர்கள் அல்ல. பிழைப்பு சேர்த்து வைத்த ஜோடி. டெர்ரி கிராமத்து மனிதர். பிரவுனி புதுமை நாடுகிறவர். ஆண்டுக்கணக்கில் ஒரே மேடை, ஒரே பாட்டுகள், ஒரே பயணம். மனக்கசப்பு வளர்ந்தது. கடைசிக் காலத்தில் ஒருவரோடு ஒருவர் பேசாமலே மேடை ஏறினார்கள். ஆனாலும், ஒருவர் பாட்டை நிறுத்தும் இடத்தை மற்றவர் வாத்தியம் நிரப்பத் தவறவில்லை. வாய் பேசாததை வாத்தியங்கள் பேசின.

1970-களின் நடுவில் ஜோடி பிரிந்தது.

அமெரிக்க சர்க்கார் நாட்டுக் கலைஞர்களுக்கு அளிக்கும் தேசிய மரபு விருதை 1982-ல் முதன்முதலாக வழங்கியது. அந்த முதல் ஆண்டுப் பட்டியலில் இருவர் பெயரும் இருந்தன. பிரிந்தவர்களை விருது ஒரே பட்டியலில் உட்கார வைத்தது.

டெர்ரி தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். 1986-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி நியூயார்க் மாகாணத்தில் காலமானார். அவர் மவுத் ஆர்கன் ஒலிக்கும் 'கிராஸ்ரோட்ஸ்' சினிமாப் படம் அதே மாதம் திரைக்கு வந்தது. பிரவுனி இன்னும் பத்து ஆண்டுகள் வாழ்ந்து, 1996 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் மறைந்தார்.

பிரிந்த பின்னும் இருவரும் நன்றாகவே வாசித்தார்கள். ஆயினும், ரசிகர்கள் இன்றும் தேடிக் கேட்பது இருவரும் சேர்ந்து கொடுத்த இசைத்தட்டுகளைத்தான். கண்ணும் காலுமாக இருந்த இருவருக்கும் நட்பு நிலைக்கவில்லை. தொழில் தர்மம் கடைசி மேடை வரை நிலைத்தது.