67-ம் நம்பர் வீரர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ்ஸே மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறும். ஆனால் சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் மேடும் பள்ளமும் பாராமல் நடந்து பள்ளிக்கூடம் போவார்கள். காப்பித் தோட்டத்துக் குறுக்குப் பாதைகள் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏற்காட்டில் பழைய பள்ளிக்கூடங்கள் உண்டு. மாண்ட்போர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. ஊருக்கு ஊர் அரசுப் பள்ளிகளும் இருக்கின்றன. எந்தப் பள்ளியானாலும் விளையாட்டு விழா என்றால் கொண்டாட்டம்தான். சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். விசில் ஊதும். முதலில் வந்தவனைத் தோளில் தூக்குவார்கள். இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களுக்கும் கைதட்டல் கிடைக்கும்.

கடைசியாக வருகிற பிள்ளையை யார் பார்க்கிறார்கள்? அவன் வந்து சேருவதற்குள் நாடாவைச் சுருட்டிவிடுவார்கள். அடுத்த பந்தயத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போனால் அப்பா கேட்கும் முதல் கேள்வி, எத்தனாவது வந்தாய் என்பது. பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். அடுத்த வருஷம் பெயர் கொடுக்காது.

அந்தப் பிள்ளைகளுக்காகவும், அவர்களைப் பெற்றவர்களுக்காகவும் ஒரு வீரரின் கதையைச் சொல்கிறோம். அவர் எந்தப் பதக்கமும் வாங்கவில்லை. உலகமே கூடிய பந்தயத்தில் கடைசியாக வந்தார். அதனாலேயே புகழ் பெற்றார்!

இலங்கைச் சிப்பாய்

அவர் பெயர் ரணதுங்க கருணானந்தா. 1936-ம் ஆண்டு மே 21-ந் தேதி இலங்கையில் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்தார். நெடுந்தூர ஓட்டத்தில் அவருக்கு ஆசை. இலங்கையில் அந்த நாளில் நெடுந்தூரம் ஓடுகிறவர்களில் முன்வரிசையில் நின்றவர் அவர்.

1964-ல் ஜப்பான் தலைநகர் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஆசியாவில் ஒலிம்பிக் நடந்தது அதுதான் முதல் தடவை. இலங்கை அணியில் கருணானந்தாவுக்கும் இடம் கிடைத்தது. வீட்டில் மனைவியும் சின்னஞ்சிறு பெண் குழந்தையும் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு, கடல் கடந்து போனார். அப்போது அவருக்கு வயது 28.

அந்த டோக்கியோ மைதானம் இலங்கைக்குப் புதியது அல்ல. 1958-ல் அதே ஊரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர் எதிர்வீரசிங்கம் அங்கே உயரம் தாண்டுவதில் முதலாவதாக வந்து தங்கப் பதக்கம் வாங்கினார். இலங்கைக்கு முதலாவது வந்த பெருமையைக் கொடுத்த அந்த ஊர், ஆறு வருஷம் கழித்துக் கடைசியாக வந்தவருக்கும் ஒரு பெருமையைக் கொடுத்தது. இது வேடிக்கையான ஒற்றுமைதான்!

25 சுற்று

அக்டோபர் 14-ந் தேதி. 10,000 மீட்டர் ஓட்டம். அதாவது 10 கிலோமீட்டர். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சுமார் 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு. 400 மீட்டர் மைதானத்தை 25 முறை சுற்ற வேண்டும். இக்காலத்து ரப்பர் தரை அன்று கிடையாது. கரித்தூள் கலந்த மண் தரை. ஈரமாகவும் இருந்தது. கால் புதையும்.

38 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஆஸ்திரேலியா தேசத்து ரான் கிளார்க் என்பவர் பெரிய புலி. அந்தத் தூரத்தில் உலக சாதனை அவர் கையில் இருந்தது. அவர்தான் ஜெயிப்பார் என்று எல்லாரும் எண்ணினார்கள்.

கருணானந்தாவுக்குப் பல நாளாகவே உடம்பு சரியில்லை. ஜலதோஷம் பிடித்து வாட்டியிருந்தது. இருந்தும் சட்டையில் 67 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு கோட்டில் வந்து நின்றார்.

பந்தயம் தொடங்கியது. முன்னால் ஓடுகிறவர்கள் பறந்தார்கள். கருணானந்தா பின்தங்கினார். இன்னும் பின்தங்கினார். முன்னால் ஓடியவர்கள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றி வந்து அவரைக் கடந்து போனார்கள். பிறகு மறுபடியும் கடந்தார்கள். ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல. பெரிய ஓட்டக்காரர்கள் பலர் வேகம் தாங்காமல் நடுவிலேயே வெளியேறினார்கள். இவர் வெளியேறவில்லை.

கடைசிச் சுற்றில் முன்னால் மூன்று பேர் ஒருவரை ஒருவர் முட்டி மோதிக்கொண்டு ஓடினார்கள். கிளார்க், டுனீசியா தேசத்து கம்மூடி, அமெரிக்காவின் பில்லி மில்ஸ். பின்தங்கியவர்கள் வழியில் குறுக்கே ஓடிக்கொண்டிருந்ததால் அவர்களுக்கு இடையே புகுந்து புகுந்து ஓட வேண்டியிருந்தது. யாரும் எதிர்பாராத பில்லி மில்ஸ் கடைசி நிமிடத்தில் பாய்ந்து வந்து முதலில் கோட்டைத் தொட்டார்! அவர் அமெரிக்கப் பூர்வகுடியைச் சேர்ந்தவர். சிறு வயதில் தாய் தந்தையை இழந்தவர். கிளார்க்குக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. மில்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 28 நிமிடம் 24.4 விநாடி.

மைதானத்தில் ஆரவாரம் வானைப் பிளந்தது. ஒலிம்பிக் சரித்திரத்தில் மறக்க முடியாத வெற்றிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அந்த நேரத்தில் 67-ம் நம்பர் வீரருக்கு இன்னும் ஏறக்குறைய நாலு சுற்று பாக்கி இருந்தது.

தன்னந்தனியாக

ஒவ்வொருவராக ஓட்டத்தை முடித்தார்கள். எல்லாரும் முடித்துவிட்டார்கள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். கருணானந்தாவும் கோட்டைத் தாண்டினார். நின்றுவிடுவார் என்று பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே போனார்.

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிலர் கேலியாகக் கத்தினார்கள். பந்தயம் முடிந்த பிறகு இவர் எங்கே ஓடுகிறார் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. பரந்த மைதானம். சுற்றிலும் ஏறத்தாழ 70 ஆயிரம் பேர். நடுவே ஒரே ஒரு மனிதர் ஓடுகிறார்.

மறுபடியும் ஒரு சுற்று முடிந்தது. அப்போதும் அவர் நிற்கவில்லை. இப்போது சிரிப்பு அடங்கியது. அவருடைய கணக்கு ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. 25 சுற்று என்றால் அவருக்கும் 25 சுற்றுதான். மைதானம் அமைதியாயிற்று.

பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. அது பரவியது. கடைசிச் சுற்றில் எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். தங்கப் பதக்கம் வாங்கியவருக்குக் கிடைத்த கரகோஷத்துக்கு அது குறைந்ததல்ல. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, சோர்ந்துபோன கால்களை இழுத்துப் பிடித்து, கடைசி நேரத்தில் வேகம் கூட்டி, அவர் கோட்டைத் தொட்டார்.

நேரம் 34 நிமிடம் 21.2 விநாடி. முதலில் வந்தவரைவிட ஏறக்குறைய 6 நிமிடம் அதிகம். முடித்தவர்கள் 29 பேர். அதில் 29-வது அவர். நடுவில் வெளியேறிய 9 பேருக்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

மகளுக்கு ஒரு சேதி

பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தோற்றது தெரிந்தும் ஏன் ஓடினீர்கள் என்று கேட்டார்கள். ஒலிம்பிக்கில் ஜெயிப்பது மட்டும் முக்கியம் அல்ல, கலந்துகொள்வதுதான் முக்கியம் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். ஊரில் தமக்கு ஒரு சிறு பெண் இருக்கிறாள் என்றும், அவள் வளர்ந்த பிறகு, அப்பா டோக்கியோவுக்குப் போய்த் தோற்றாலும் கடைசி வரை ஓடி முடித்தார் என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார்.

கலந்துகொள்வதே பெரிது என்ற எண்ணம் அவர் கண்டுபிடித்ததல்ல. ஒலிம்பிக் பந்தயத்தை 1896-ல் மீண்டும் உயிர்ப்பித்த பிரெஞ்சுக்காரர் கூபெர்தன் பிரபு அதை எங்கும் பரப்பினார். 1908-ல் லண்டனில் ஒரு பாதிரியார் செய்த பிரசங்கத்திலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். மேடையில் அதைச் சொல்வது சுலபம். கேலி கேட்கும்போதும் ஓடுவது வேறு விஷயம்.

நாம் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருணானந்தா சும்மா ஓடிப் பார்த்தவர் அல்ல. வேண்டுமென்றே மெதுவாகப் போகவும் இல்லை. அன்று அவர் உடம்பு எவ்வளவு கொடுத்ததோ, அவ்வளவையும் கொடுத்தார். பிள்ளைகளைப் பாராட்டும்போது இந்த வித்தியாசத்தை மறக்கக் கூடாது. ஓடாமல் வேடிக்கை பார்த்தவனுக்கும் ஓடி முடித்தவனுக்கும் ஒரே மிட்டாய் கொடுத்தால் பிள்ளைகளுக்கே சிரிப்பு வரும். அவர்களை ஏமாற்ற முடியாது. உழைத்தவன் எந்த இடத்தில் வந்தாலும் அந்த உழைப்பைக் கண்டு சொல்ல வேண்டும். போன வாரம் பாதியில் நின்றவன் இந்த வாரம் முடித்தான் என்றால், அதைச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கடைசிப் பிள்ளை கோட்டைத் தொடும் வரை நாடாவைச் சுருட்டாதீர்கள். கடிகாரம் வைத்திருக்கும் ஆசிரியர் அவனுக்கும் நேரம் பார்த்து எழுதட்டும். அடுத்த முறை அவன் அந்த நேரத்தோடு போட்டி போடலாம். பக்கத்து வீட்டுப் பையனோடு போட்டி போட வேண்டியதில்லை. இதற்குக் காலணா செலவில்லை.

பாடப் புத்தகத்தில்

டோக்கியோவில் கருணானந்தா 5,000 மீட்டர் ஓட்டத்திலும் கலந்துகொண்டார். அதிலும் இறுதிப் போட்டிக்குத் தேறவில்லை. ஆனால் ஜப்பான் மக்கள் அவரை விடவில்லை. கடிதங்கள் வந்தன. பரிசுகள் வந்தன. பதக்கம் வாங்கிய பலரின் பெயர் மறந்துபோயிற்று. இவர் பெயர் நிலைத்தது.

பின்னர் ஜப்பானில் தொடக்கப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் அவர் கதை பாடமாக வந்தது. பாடத்தின் தலைப்பிலேயே அவர் அணிந்த 67 என்ற எண் இருந்தது. யுத்தத்தில் தோற்று, நகரங்கள் எரிந்து, மீண்டும் எழுந்து நின்ற தேசம் அது. டோக்கியோ ஒலிம்பிக் நடந்தபோது யுத்தம் முடிந்து 19 வருஷம்தான் ஆகியிருந்தது. விழுந்த பிறகும் ஓடுவது என்றால் என்ன என்று அந்தப் பெற்றோருக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கதை அவர்கள் மனத்தில் அப்படி ஒட்டிக்கொண்டது என்று நமக்குத் தோன்றுகிறது.

கருணானந்தா நெடுநாள் வாழவில்லை. 1974-ம் ஆண்டு டிசம்பரில் தண்ணீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 38. டோக்கியோ ஓட்டம் முடிந்து பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. எந்த மகளுக்காக ஓடினாரோ, அந்தப் பெண் அப்போது பள்ளிக்கூடம் போகும் வயதில் இருந்தாள்.