குருதியின் வகை கண்ட அறிஞர்

எலும்பு உடலைத் தாங்கி நிற்கிறது; நார்கள் உறுப்புகளைப் பிணித்து நிற்கின்றன. இவற்றைப் போலவே குருதியும் இணைப்புத் திசு வகையைச் சேர்ந்தது. ஆயினும் அஃது ஓரிடத்தில் நில்லாது உடலெங்கும் ஓடும் இயல்புடையது. வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உண்டு. எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் சிவப்பணுக்கள் உயிர்வளியைச் சுமந்து, ஏறத்தாழ 120 நாள் உழைத்து அழிகின்றன. குருதி மிகுதியாக வெளியேறினால் உயிர் நில்லாது.

குருதி இழந்தவர்க்குப் பிறர் குருதியைச் செலுத்தினால் என்ன என்னும் எண்ணம் மருத்துவர்க்கு நெடுநாளாக இருந்தது. 1818-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பிளண்டல் அவ்வாறு செய்து பார்த்தார். பின்னர்ப் பலரும் முயன்றனர். சிலர் பிழைத்தனர், சிலரோ குளிர் கண்டு நடுங்கி மாண்டனர். காப்பதற்குச் செலுத்திய குருதியே கொல்வது ஏன் என்பது விளங்கவில்லை. அப்புதிரை விடுவித்தவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர்.

இவர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டில் பிறந்தார். தந்தையார் பெயர்பெற்ற இதழாளர். அவர் மறைந்தபொழுது கார்லுக்கு வயது ஆறு. அதன்பின் அன்னையாரே இவரை வளர்த்தார். 1891-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், அதனோடு அமையாது வேதியியலையும் கற்றார். நோயை வேதியியல் கண்கொண்டு காணும் ஆற்றல் இதனால் வாய்த்தது.

வியன்னாவில் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த நாளில், தம் குருதியையும் தம்முடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்தார். சிவப்பணுக்களை வேறாகவும், சீரம் என்னும் தெளிந்த நீரை வேறாகவும் பிரித்தார். ஒருவருடைய அணுக்களை மற்றொருவருடைய சீரத்தோடு மாறிமாறிக் கலந்தார். சில கலவைகளில் அணுக்கள் கட்டி கட்டியாகத் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. நோயின் விளைவென்று பிறர் கருதிய இத்திரட்சி, நலமுடையோர் குருதியிலும் நிகழக் கண்டார். அதில் ஓர் ஒழுங்கு இருப்பதையும் உணர்ந்தார்.

1901-இல் குருதியை மூன்று வகையாகப் பிரித்து வெளியிட்டார். அவை ஏ, பி, சி என்பன. சி வகையே பின்னர் ஓ எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டில் வேறிருவர் நான்காவதாகிய ஏபி வகையைக் கண்டனர். ஏ வகையினரின் சீரம் பி வகை அணுக்களைத் திரளச் செய்யும். பி வகையினரின் சீரம் ஏ வகை அணுக்களைத் திரளச் செய்யும். பொருந்தாத குருதியைச் செலுத்தினால் அணுக்கள் உடலினுள்ளே திரண்டு சிதையும்; சிறுநீரகம் கெடும்; உயிரும் போகும். உடன்பிறந்தார் குருதி பொருந்தாமற் போவதும், முன்பின் அறியாத அயலார் குருதி பொருந்துவதும் உண்டு என்பது இதனாற் புலனாயிற்று.

இவ்வரிய உண்மையை உலகம் உடனே போற்றவில்லை. 1907-இல் நியூயார்க்கு மருத்துவர் ரூபன் ஆட்டன்பர்க், குருதியின் பொருத்தத்தை முன்னரே சோதித்துச் செலுத்தினார். அதன் பின்னரே இம்முறை மெல்லப் பரவியது. லாண்ட்ஸ்டெய்னரோ புகழை நோக்கிக் காத்திராமல் தம் பணியைத் தொடர்ந்தார். இளம்பிள்ளைவாதம் நுண்ணுயிரால் தொற்றும் நோய் என்பதை 1908-இல் எர்வின் பாப்பருடன் சேர்ந்து காட்டினார்.

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா வறுமையுற்றது. 1919-இல் இவர் குடும்பத்துடன் ஹாலந்து சென்றார். பின்னர் 1923-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1930-இல் நோபெல் பரிசு இவரை வந்தடைந்தது. அப்பொழுதும் ஓய்வை நாடாத இவர், 1940-இல் அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து ஆர்எச் என்னும் மற்றொரு குருதிக்கூற்றையும் கண்டறிந்து வெளியிட்டார். 1943-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஆய்வுக்கூடத்தில் பணிசெய்து கொண்டிருந்தபொழுதே நெஞ்சுநோய் தாக்கியது. இரண்டு நாளில், ஜூன் 26-ஆம் நாள், உயிர் நீத்தார்.

இவர் பிறந்த ஜூன் 14-ஆம் நாள் 2004 முதல் உலகக் குருதிக் கொடையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குருதியின் வேற்றுமையை இவர் ஆராய்ந்து கண்டதனாலன்றோ, முகமறியாத ஒருவர் மற்றொருவர்க்கு அச்சமின்றி உயிரளிக்க இயலுகிறது!