முப்புரி கண்ட அறிஞர்

தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவைக் கண்டறிந்த பெருமை ஜி. என். இராமச்சந்திரனைச் சாரும்.

1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த அவர், 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரானார். கொலாஜன் இழைகளில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் பாங்கை ஆராய்ந்தார். அப்புரதம் முப்புரி நூல்போல் முறுக்குண்டது என்று 1955இல் கோபிநாத் கர்த்தாவுடன் கூடி அறிவித்தார்.

அணுக்கள் அத்துணை நெருங்கி அமைதல் இயலாது என மேனாட்டறிஞர் சிலர் மறுத்தனர். இராமச்சந்திரன் மனந்தளர்ந்தாரல்லர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பல படிகங்களின் அளவுகளைக் கொண்டு தாமே வரையறுக்க முற்பட்டார். அம்முயற்சியின் விளைவே, சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடம். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு வளையக்கூடும் என்பதை அது காட்டும்.

2001இல் அவர் மறைந்தார். எனினும், புதிதாய்க் காணும் புரத வடிவங்களை ஆய்வாளர் இன்றும் அவ்வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கின்றனர். மறுப்பைப் பகையாகக் கருதாது, ஆராய்ச்சிக்கு வித்தாகக் கொண்ட அவர்தம் பண்பு போற்றத்தக்கதாகும்.