வனத்தில் வகுப்பு நடத்திய பேராசான்

யாழ்ப்பாணத்துப் பாடசாலையொன்றில் நான் விஞ்ஞானம் கற்பித்துவந்த காலத்திலே, ஒரு நாள் பனைமரத்துக்குத் தாவரவியலார் வழங்கும் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். பொராசஸ் ஃபிளாபெலிஃபர் என்பது அது. விசிறி தாங்கி என்பது அதன் பிற்பாதியின் பொருள். பெயரைச் சூட்டியவர் சுவீடன் தேசத்துக் கார்ல் லின்னேயஸ், ஆண்டு 1753 என்று சொல்லிவிட்டு மேலே செல்ல முற்பட்டபோது, பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, அந்த ஐயா எங்கள் ஊருக்கு வந்து பனையைப் பார்த்தவரோ என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர் இலங்கையில் காலடி வைத்தவரல்லர் என்று சுருக்கமாக விடையிறுத்து அவனை அமர்த்தினேன். ஆயினும் அவ்விடை எனக்கே போதியதாகப் படவில்லை. எமது முற்றத்து மரத்துக்கு எங்கோ பனிநாட்டில் இருந்தவர் பெயரிட்டது எங்ஙனம்? அன்று தொடங்கிக் கிடைத்த நூல்களிலெல்லாம் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்கலானேன்.

மேசையடியில் அமர்ந்து உலர்ந்த இலைகளை எண்ணிக்கொண்டிருந்த ஒருவரையே நான் எதிர்பார்த்தேன். கண்டதோ, ஓயாது நடந்த ஒரு மனிதரை.

1707-ஆம் ஆண்டு மே மாதத்தில், சுவீடனின் தென்பகுதியில் உள்ள ரோஷுல்ட் என்னும் சிற்றூரிலே பிறந்தவர் அவர். தந்தை நில்ஸ், கிறிஸ்தவ குரு. தோட்டம் இடுவதில் தீராத ஆசை உள்ளவர். குடும்ப நிலத்தில் நின்ற பெரிய லிண்டன் மரம் ஒன்றிலிருந்தே தமக்குக் குலப்பெயரைத் தெரிந்துகொண்டவர். ஆக, பெயரிடுவதையே தொழிலாகக் கொள்ளப்போகும் பிள்ளை, மரத்தின் பெயரைச் சுமந்துகொண்டே பிறந்தது. பாடசாலையில் சிறுவன் சிறப்புறவில்லை. மறையியல் பயின்று தந்தையின் வழியில் குருவாக வேண்டியவன், புல்லையும் பூவையும் தேடி அலைந்தான். அவனைக் கைவிடாமல் மருத்துவத்தின்பால் திருப்பியவர் ரொத்மன் என்னும் வைத்தியர். உலகப்புகழ் பெற்றோர் பலரின் வரலாற்றில் இத்தகைய சிற்றூர் ஆசிரியர் ஒருவர் நின்று, ஓரிரு வரிகளோடு மறைந்துவிடுகிறார். ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கு அவ்வரிகளைக் கடந்துசெல்ல எப்போதும் சற்று நேரம் பிடிக்கும்.

1728-இல் உப்சாலா சர்வகலாசாலையை அடைந்து, 1732-இல் வடகோடியான லாப்லாந்துக்குத் தனியே பயணம் செய்து, 1735-இல் நெதர்லாந்து சென்று வைத்தியப் பட்டம் பெற்று, அதே ஆண்டில் இயற்கையின் முறைமை பற்றிய தம் முதல் பெருநூலை அச்சேற்றியது வரை பலரும் எழுதியுள்ளனர். அவற்றை நான் இங்கு விரிக்கவில்லை. என் மனத்தைக் கவர்ந்தது 1741-ஆம் ஆண்டே.

அவ்வாண்டில் உப்சாலாவில் மருத்துவப் பேராசிரியராக அவர் நியமனம் பெற்றார். பதவியில் அமருமுன் நாட்டின் பிரதிநிதிகள் சபை அவரிடம் வேறொரு பணியை ஒப்படைத்தது. பால்டிக் கடலிலுள்ள ஏலண்ட், கொட்லண்ட் என்னும் இரு தீவுகளுக்கும் சென்று, சாயத்துக்கு உதவும் செடிகள், மருந்து மூலிகைகள், பீங்கான் செய்வதற்கான களிமண் ஆகியவற்றை ஆராய்ந்து வரவேண்டும் என்பதே அது. இவற்றை வெளிநாடுகளிலிருந்து பொன் கொடுத்து வாங்குவானேன் என்பது அரசின் கணக்கு. லின்னேயஸ் தனியே செல்லவில்லை. இளைஞர் அறுவரை உடன் அழைத்துக்கொண்டார். லாப்லாந்தில் தனியே நடந்தவர், இங்குதான் கூட்டமாக நடக்கப் பழகினார்.

ஏலண்ட் தீவின் தென்பாகம் பெருஞ் சுண்ணக்கல் வெளி. மண் கையளவு ஆழமும் இல்லை. கோடையில் தகிக்கும், மாரியில் நீர் தேங்கும். இவ்வர்ணனையைப் படித்தபோது, சுண்ணக்கற் பாரின்மேல் கல்வேலிகள் நீளும் எமது நெடுந்தீவு என் கண்முன் வந்தது. அவ்வறண்ட வெளியில்தான் ஓர்க்கிட் பூக்கள் மிகுதியாக மலர்கின்றன. தீவின் பெயரையே தாங்கிநிற்கும் மஞ்சட் பூச்செடி ஒன்றுக்கும் லின்னேயஸ் அங்கேதான் வழிகண்டார். தென்முனையில் அரசரின் வேட்டைக்காடு. மான்கள் வெளியேறாதபடி தீவின் குறுக்கே எழுப்பிய நெடுஞ்சுவர். கொட்லண்டில் கடலலை அரித்து நிறுத்திய சுண்ணக்கற்றூண்கள். அவற்றைக் கல்லரக்கர் என்று தம் குறிப்பில் எழுதினார். பூச்சி, பறவை, புல் என்பவற்றோடு, குடியானவர் வீடு கட்டும் முறையையும், அவர் வழங்கும் மருந்தையும் பேச்சையும்கூட எழுதிவைத்தார்.

இத்தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கடலில் நீலக்கன்னி என்று பொருள்படும் பெயருடைய சிறு தீவு ஒன்றுண்டு. கடலிலிருந்து குவிந்தெழும் செங்கற்பாறை. அதன் இடுக்குகளில் அடர்ந்த காடு. பெரிய வியாழனன்று சூனியக்காரிகள் கூடும் இடம் அது என்று அக்கரையோரத்து மக்கள் அஞ்சிவந்தனர். லின்னேயஸ் அங்கும் இறங்கினார். கற்களை வளைவளைவாக அடுக்கி அமைத்த பழைய சுழல்வழி ஒன்று அங்கே கிடப்பதை முதன்முதலில் ஏட்டில் பதிந்தவர் அவரே. ஊரார் பேயைக் கண்ட இடத்தில் அவர் கல்லையும் மரத்தையும் கண்டார். 1926-இல் அத்தீவு தேசிய வனமாக்கப்பட்டது.

அவ்வாண்டு அக்டோபரில் ஆசனம் ஏறியபோது, அவர் தம் தொடக்கப் பேருரைக்கு எடுத்துக்கொண்ட பொருள், சொந்த நாட்டுக்குள்ளே பயணம் செய்தலின் அவசியம். பேசியதோடு நிற்கவில்லை, செய்தும் காட்டினார். கோடைகாலச் சனிக்கிழமைகளில் மாணாக்கரை உப்சாலாவின் சுற்றுப்புறக் காடுகளுக்கும் புல்வெளிகளுக்கும் நடத்திச் செல்லத் தொடங்கினார். சில நாட்களில் நூற்றைம்பது பேருக்கு மேல் திரண்டனர்.

அந்நடை சும்மா உலாப்போதல் அன்று. அதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. வெப்பத்துக்கு ஏற்ற மெல்லிய துணியில் தளர்ந்த உடை. அகன்ற விளிம்புத் தொப்பி. கையில் ஊசியும் கத்தியும் பூச்சிப் பெட்டியும். ஆசான் சொல்வதை எழுத ஒருவன். ஒழுங்கு குலையாமல் பார்க்க ஒருவன். பறவையைச் சுட்டு வீழ்த்த ஒருவன். (அக்காலத்தில் பறவையைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை. தொலைநோக்கியோடு காட்டுக்குள் நுழையும் இன்றைய மாணவர் இதைப் பொறுத்தருள்க.) காலையில் புறப்படுவர். பலவாறாகப் பிரிந்து தேடுவர். இடையிடையே ஓரிடத்தில் கூடுவர். கிடைத்ததை எல்லாம் ஆசான் முன் வைக்க, அவர் ஒவ்வொன்றையும் எடுத்து விளக்குவார். அரியதைக் கண்டெடுத்தவனுக்கு உணவு வேளையில் அவரோடு ஒரே மேசையில் இடம். மற்றையோர் நின்றபடி உண்பர். மாலையில் தொப்பியிலே பூச்செருகி, கொடி பிடித்து, கொம்பூதி, முரசறைந்து நகருக்குத் திரும்புவர். பூங்காவின் வாயிலில் ஆசானுக்கு வாழ்த்தொலி எழுப்பிக் கலைவர்.

நாட்டின் பேரறிஞர் ஒருவர், பிள்ளைகளோடு பிள்ளையாய் மேளதாளத்துடன் தெருவில் வருவதை எல்லாரும் விரும்புவரா? 1748-இல் மேலிடத்திலிருந்து கண்டனம் வந்தது. உடையும் ஆரவாரமும் கல்விக்கு ஒவ்வாதவை என்பது குற்றச்சாட்டு. லின்னேயஸ் மனம் உடைந்தார். கொம்பும் முரசும் அடங்கின. நடையை மட்டும் அவர் விட்டுவிடவில்லை. எட்டு வழிகளையும் அவற்றில் காணத்தக்க செடிகொடிகளையும் விவரிக்கும் நூல் 1753-இல் வெளியாயிற்று. அவ்வழிகள் இன்றும் உப்சாலாவில் அடையாளமிட்டுப் பேணப்படுகின்றன.

இவ்விடத்தில் என் கதையையும் ஒரு வரி சொல்ல விரும்புகிறேன். நானும் ஒருமுறை மாணவரைக் கடலோரத் தாழங்காட்டுக்கு வாரந்தோறும் அழைத்துச்செல்ல அனுமதி வேண்டினேன். பரீட்சைக்கு அது வராது என்று மறுத்துவிட்டார்கள். நான் மறுபடி கேட்கவில்லை. பனையைப் பற்றிக் கேட்ட மாணவன் அவ்வகுப்பில்தான் இருந்தான்.

சனிக்கிழமை நடை லின்னேயசுக்கு இன்பம் தந்ததெனில், அதன் நீட்சி அவருக்குத் துயரைத் தந்தது. உள்ளூரில் நடந்து பழகிய மாணாக்கரை அவர் உலகின் மூலைகளுக்கு அனுப்பலானார். அவருடைய அப்போஸ்தலர் என வரலாறு குறிப்பவர் பதினேழு பேர். அவர்களுள் எழுவர் திரும்பவில்லை. முதலிற் சென்றவர் கிறிஸ்தோபர் தேர்ன்ஸ்ட்ரோம். மனைவி மக்களை உடையவர். சீனம் நோக்கிச் சென்ற கப்பலில் குருவாகப் புறப்பட்டு, 1746 டிசம்பரில், வியட்நாமுக்குத் தெற்கே காடடர்ந்த கொண்டோர் தீவிலே நோயுற்று மாண்டார். தன் பிள்ளைகளைத் தந்தையற்றவராக்கியவர் இவரே என்று அவருடைய மனைவி லின்னேயசைக் குற்றஞ்சாட்டினார். அதன்பின் மணமாகாதவரையே அனுப்புவதென்று அவர் உறுதிகொண்டார். அனுப்புவதை நிறுத்தினாரில்லை. ஹாசல்குவிஸ்ட் 1752-இல் சிமிர்னாவில் இறந்தார். லோஃப்லிங் 1756-இல் வெனிசுவேலாவில். ஃபோர்ஸ்கால் 1763-இல் யேமனில். இவரைப் போற்றுவோர் இவ்விளைஞரை அறிவுக்காக உயிர்நீத்த தியாகிகள் என்பர். எனக்கு அவ்வளவு எளிதாகச் சொல்ல வரவில்லை. தேர்ன்ஸ்ட்ரோமின் பெயரைத் தாங்கிய மரவினம் ஒன்று எமது மலைநாட்டுக் காடுகளிலும் வளர்கிறது. அவருடைய பிள்ளைகளுக்கு அதனால் என்ன பயன்?

இனி, மாணவனின் கேள்விக்கு வருகிறேன். இலங்கைக்கு வராமலே இலங்கைத் தாவரங்களைப் பற்றி லின்னேயஸ் ஒரு நூலே எழுதினார். ஒல்லாந்தர் ஆட்சியில், 1670-களில், போல் ஹெர்மன் என்ற வைத்தியர் இங்கே பணியாற்றினார். கறுவாவும் மருந்துச்செடிகளும் கம்பனிக்கு வருவாய் தரும் சரக்கு. ஆகவே அவர் செடிகளைத் திரட்டி உலர்த்தி ஒட்டிவைத்தார். அத்தொகுதி நெடுங்காலம் காணாமற் போயிருந்து, 1744-இல் கோபன்ஹேகனில் ஒரு மருந்துக்கடைக்காரரான குந்தர் என்பவரிடம் அகப்பட்டது. அவர் அதை லின்னேயசுக்கு அனுப்பினார். எழுபது ஆண்டுக்கு மேல் உலர்ந்து கிடந்த இலைகளையும் நொறுங்கிய பூக்களையும் கொண்டு அவர் இனம் பிரித்து, அறுநூறுக்கு மேற்பட்ட தாவரங்களை விவரிக்கும் ஃபிளோரா சைலானிக்கா என்ற நூலை 1747-இல் வெளியிட்டார். தொகுதி இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. அதன் தாள்களில் ஹெர்மன் சிங்களப் பெயர்களைக் குறித்துள்ளார். பெயர் சொல்லிக்கொடுக்க யாரோ அவரோடு காட்டில் நடந்திருக்க வேண்டும் அன்றோ? நூலின் முகப்பில் அவர்களுக்கு இடம் இல்லை.

பூவுக்குப் பெயரிடுதல் நமக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறார். காந்தள் என்று அங்கு வருவதையே நாம் கார்த்திகைப்பூ என்கிறோம். லின்னேயஸ் அதற்கு குளோரியோசா சூப்பர்பா என்று பெயரிட்டார். ஒவ்வொரு உயிருக்கும் இரண்டே சொல்லில், எல்லாத் தேசத்தாரும் ஏற்கும் பெயர் என்பதே அவர் செய்த புதுமை. அதன் பயனை மறுக்க எவராலும் இயலாது. ஆனால் அதே கையால் அவர் மனிதரையும் கண்டம் கண்டமாகப் பிரித்து, 1758-ஆம் ஆண்டுப் பதிப்பிலே ஒவ்வொரு பிரிவுக்கும் நிறத்தோடு குணத்தையும் ஒட்டிவைத்தார். ஐரோப்பியருக்கு நற்குணங்கள் வாய்த்தன. ஆசியரான நமக்கும் ஆபிரிக்கருக்கும் அவை வாய்க்கவில்லை. செடியை நேரிற் கண்டு எழுது என்று மாணவருக்குக் கற்பித்தவர், மனிதர் விடயத்தில் அவ்விதியைக் கைவிட்டார். பின்வந்தோர் அதைக்கொண்டு விளைத்த தீங்கு பெரிது.

அவருடைய இறுதிக்காலம் இரங்கத்தக்கது. 1774-இல் ஒருமுறையும், 1776-இல் மறுமுறையும் பக்கவாதம் தாக்கிற்று. ஞாபகம் சிதைந்தது. ஆயிரமாயிரம் உயிர்களுக்குப் பெயர் சூட்டியவர், தம் நூல்களையே எடுத்துப் பார்த்து, அவை தாம் எழுதியவை என்பதை அறியாது வியந்தாராம். 1778 ஜனவரி 10-ஆம் நாள் உயிர் பிரிந்தது. உப்சாலாப் பேராலயத்தில் அடக்கம் செய்தனர்.

அந்த ஜனவரியில், உப்சாலாவில் அவரிடம் பயின்ற மாணாக்கர் ஒருவர் இலங்கையில் இருந்தார். அவர் கார்ல் தூன்பெர்க். யப்பானிலிருந்து திரும்பும் வழியில் 1777 யூலையில் இங்கு வந்திறங்கி, கொழும்பைத் தளமாகக் கொண்டு காடு மேடெல்லாம் நடந்து, ஹெர்மனின் தாள்களில் ஆசான் உலர்ந்தபடி கண்ட செடிகளைப் பச்சையாகக் கையில் எடுத்துப் பார்த்தவர். 1778 பெப்ரவரியில், திரட்டியவற்றையெல்லாம் கட்டிக்கொண்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். செய்தி கடல் கடக்க மாதக்கணக்கில் பிடித்த காலம் அது.