எளிமைக்குள் அடைத்து வைத்த கக்கன்

சில நாட்களுக்கு முன் மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நமக்கு முன்னால் பேசிய ஆசிரியர் கக்கனைப் பற்றிச் சொன்னார். அமைச்சராக இருந்தவர், சொந்த வீடு இல்லை, பஸ்ஸில் போனார், மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் கிடந்தார், எம்.ஜி.ஆர். பார்த்துக் கலங்கினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கூட்டம் முடிகிற நேரத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, அவர் அமைச்சராக இருந்து என்ன செய்தார் என்று கேட்டாள். ஆசிரியர் நம்மைப் பார்த்தார். தமிழ் முதுகலை படித்து, இருபது வருடமாக மேடை ஏறி வருகிற நாமும் உடனே பதில் சொல்ல முடியாமல் தடுமாறினோம்.

தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. கல்லூரி நாட்களில் நாம் கக்கனைப் படிக்கவே இல்லை. அம்பேத்கரைப் படித்தோம், இரட்டைமலை சீனிவாசனை, அயோத்திதாசரைத் தேடித் தேடிப் படித்தோம். கக்கன் காந்தியவாதி, காங்கிரஸ்காரர், அரிசன சேவா சங்கத்தின் ஆள் என்று ஒரே வரியில் தள்ளி வைத்தோம். அவர்கள் எளிமைக்குள் அவரை அடைத்தார்கள். நாம் கட்சிக்குள் அடைத்தோம். இரண்டிலும் மனிதர் காணாமல் போனார்.

மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908 ஜூன் 18 அன்று பிறந்தார் கக்கன். அப்பா ஊர்க்கோயில் பூசாரி. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சேரியில் சாமிக்குப் பூசை வைக்கிற குடும்பத்துப் பிள்ளை, மதுரைக்கு வந்தால் மீனாட்சி கோயில் கோபுரத்தை வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். சாமி கும்பிடுவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாசலைத் திறக்கத்தான் ஆள் வேண்டியிருந்தது.

படிப்பு பள்ளியோடு நின்றது. அதன்பின் அவர் செய்த முதல் வேலை, தனக்குக் கிடைக்காத படிப்பை மற்றவர்களுக்குக் கொடுத்தது. மேலூர் சுற்றுவட்டாரச் சேரிகளில் இரவுப் பள்ளிகள் நடத்தினார். பகலில் மாடு மேய்த்த, களை எடுத்த பிள்ளைகள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். இந்த வேலைதான் அவரை மதுரை வக்கீல் அ.வைத்தியநாத அய்யரிடம் கொண்டு சேர்த்தது. அய்யர் அரிசன சேவா சங்கத்தின் தமிழ்நாட்டுத் தலைவர். அய்யர் வீட்டில் கக்கன் பிள்ளைபோல வளைய வந்தார். ஒரு பிராமண வீட்டின் உள்ளறை வரை தலித் இளைஞர் போய்வருவது 1930களின் மதுரையில் சின்ன விஷயம் இல்லை. அய்யரைக் கடைசிவரை தகப்பனாகவே கக்கன் மதித்தார்.

இப்போது 1939 ஜூலை 8க்கு வருவோம். அன்று காலை வைத்தியநாத அய்யர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். ஐந்து பேர் தலித்துகள், ஒருவர் நாடார். நாடார்களுக்கும் அதுவரை அங்கே இடமில்லை என்பதை இன்றைக்கு நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். கக்கன், ஆலம்பட்டி முருகானந்தம், மதிச்சியம் சின்னையா என்று போகும் அந்தப் பட்டியலை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு துணை நின்றார். வாசலில் அடிதடி இல்லை, கும்பிட்டுவிட்டு வந்தார்கள்.

எதிர்ப்பு அதற்குப் பிறகுதான் கிளம்பியது. பட்டர்களில் ஒரு பகுதியினர் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்று பூசை செய்ய மறுத்து வெளியேறினார்கள். மீனாட்சிக்கு வேறொரு இடத்தில் தனியாகப் பூசையே நடத்தினார்கள். அய்யர் மீதும் கோயில் அதிகாரி மீதும் வழக்குகள் பாயலாம் என்ற நிலையில், ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. அது பிறகு 1939ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டமானது. அதாவது, முதலில் கால் உள்ளே போனது, சட்டம் பின்னால் ஓடி வந்தது. தீண்டாமை இருக்கும்வரை மதுரைக் கோயிலுக்குள் கால் வைக்காமல் இருந்த காந்தி, 1946 பிப்ரவரியில்தான் உள்ளே போய்க் கும்பிட்டார்.

இந்தச் சம்பவத்தை எப்போதும் அய்யரின் வீரமாகவே எழுதுகிறார்கள். அய்யர் வீரர்தான், சந்தேகமில்லை. சொந்தச் சாதியின் விலக்கைத் தாங்கிக்கொண்டவர். ஆனால் அன்று அந்த வாசலைத் தாண்டிய ஐந்து தலித்துகளும் சாயங்காலம் எங்கே திரும்பிப் போனார்கள்? சேரிக்கு. மேலூர்ப் பக்கத்துச் சேரிக்காரர் ஒருவர் பெரிய கோயிலுக்குள் போய்வந்தார் என்ற செய்தி ஊருக்கு எட்டிய பிறகு, அந்த ஊரில் கூலி வேலைக்குப் போய் நிற்பது எப்படி இருக்கும் என்பது கிராமத்தில் வளர்ந்த நமக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனவருக்கு ஒரு துணிச்சல் போதும். கூடப் போனவர்களுக்கு அதற்கு மேலும் வேண்டும்.

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கக்கன் கைதாகிச் சிறை சென்றார். மேலூர்ப் பக்கம் அவரைப் போலீசார் அடித்த கதையை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிச் சவுக்கால் அடித்தார்களாம், அவர் வாய் திறக்கவில்லையாம். கதைகளில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். ஆனால் சிறை உண்மை. அடித்த கைக்கு எதிராகக் கை ஓங்காத அரசியலை அவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அவரை நாம் முதலில் மறுவாசிப்புச் செய்ய வைத்தது அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் பட்டியல். 1946இல் அமைந்த அந்தச் சபையில் சென்னை மாகாணத்து உறுப்பினர்களில் ஒருவர் கக்கன். 1948 நவம்பர் 29 அன்று, இன்று 17ஆம் பிரிவாக இருக்கும் தீண்டாமை ஒழிப்புப் பிரிவை அந்தச் சபை ஏற்றுக்கொண்டது. அம்பேத்கர் வரைவுக் குழுவுக்குத் தலைவர். தும்பைப்பட்டிக்காரர் உறுப்பினர். பூனா ஒப்பந்தத்தில் எதிரெதிராக நின்ற இரண்டு வழிகளிலிருந்து வந்தவர்கள் ஒரே அவையில் இருந்தார்கள். அம்பேத்கர் பக்கம் நிற்பதற்குக் கக்கனைக் கழிக்க வேண்டும் என்று நாம் நினைத்தது இளவயதுக் கோளாறு.

1952 தேர்தலில் மதுரையிலிருந்து மக்களவைக்குப் போனார். காமராசர் முதலமைச்சரானதும் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் பொறுப்பு கக்கனிடம் வந்தது. 1957இல் காமராசர் அமைத்த எட்டுப் பேர் அமைச்சரவையில் அவர் மட்டும்தான் தலித். பொதுப்பணித் துறை அவர் கையில் இருந்தது. 1959இல் வைகை அணை திறந்தபோது அந்தத் துறையின் அமைச்சர் அவர்தான். அணையின் நீர் வரும் வாய்க்கால்களின் ஓரத்தில்தான் அவருடைய சொந்த வட்டமும் இருக்கிறது. தண்ணீர் வந்தது, வயல் விளைந்தது. அந்த வயல்களில் நம் ஆட்களின் பெயரில் பட்டா எத்தனை என்று கேட்டால் பதில் வேறு. அணை கட்டுகிற அதிகாரம் ஒரு தலித் அமைச்சருக்குக் கிடைத்த காலத்திலும் நிலத்தைப் பங்கிடுகிற அதிகாரம் அந்தப் பக்கம் நகரவில்லை.

அதே 1957 செப்டம்பர் 11 அன்றுதான் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அவரும் ஆகஸ்ட் போராட்டத்தில் இறங்கியவர், அவரும் காங்கிரஸ்காரர். முதுகுளத்தூர்க் கலவரத்தில் சேரிகள் எரிந்தன. அமைச்சரவையில் நம் ஆள் ஒருவர் இருந்தும் இது நடந்ததே என்ற ஆற்றாமை அந்தப் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்றும் உண்டு. உள்துறை அப்போது பக்தவத்சலத்திடம் இருந்தது, கக்கனிடம் இல்லை. இந்த விவரத்தைச் சொன்னால் பெரியவர்கள் தலையாட்டுவார்கள், சமாதானமாக மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

1962இல் வேளாண்மைத் துறை. 1963 அக்டோபரில் காமராசர் விலகி பக்தவத்சலம் முதலமைச்சரானபோது உள்துறை கக்கனுக்கு வந்தது. ஒரு தலித் உள்துறை அமைச்சர். காவல் நிலையத்துக்குள் நுழையவே நம் மக்கள் பயந்த காலத்தில், அந்தக் காவல் துறைக்கே அமைச்சர். அவர் அந்தப் பதவியில் இருந்த 1964இல்தான் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தொடங்கியது. இன்றைக்கு எந்தக் கட்சி ஆட்சி மாறினாலும் பழைய அமைச்சர்களின் வீட்டுக் கதவைத் தட்டுகிறதே, அந்தத் துறைதான். கக்கனைக் கொண்டாடுகிறவர்கள் பஸ் பயணத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற இன்னொன்றும் உண்டு. 1965 சனவரி 25 அன்று மதுரையில் மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் இடையே மூண்ட மோதல் தமிழ்நாடு முழுக்கத் தீயாகப் பரவியது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அடக்கத் துப்பாக்கிச் சூடுகள் நடந்தன. அரசுத் தரப்புக் கணக்கிலேயே ஏறத்தாழ 70 பேர் இறந்தார்கள். அப்போது உள்துறை அமைச்சர் கக்கன். முடிவெடுத்தவர் முதலமைச்சர் என்று வாதாடலாம், வாதாடுகிறார்கள். தமிழ் படித்து அந்த மொழியால் சோறு சாப்பிடுகிற நாம் இதைத் தாண்டிக் குதிக்க மாட்டோம். அகிம்சை வழியில் அடிபட்டவரின் துறை சுட்டது. அவர் வாழ்க்கையில் மிகவும் கனமான பக்கம் இதுதான் என்பது நம் எண்ணம்.

1967 தேர்தலில் சொந்த மேலூரிலேயே தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாடகை வீடு, பஸ், நோய், மதுரை அரசு மருத்துவமனை. மதுரை முத்துவைப் பார்க்கவந்த எம்.ஜி.ஆர். தற்செயலாகக் கக்கன் அங்கே இருப்பதை அறிந்து போய்ப் பார்த்தார், பிறகு அரசு உதவிக்கு ஏற்பாடு செய்தார். 1981 டிசம்பர் 23 அன்று கக்கன் இறந்தார். 1999இல் அஞ்சல் தலை வந்தது. 2001இல் தும்பைப்பட்டியில் மணிமண்டபம் வந்தது.

அவர் நேர்மையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. பொதுப்பணித் துறையை ஐந்து வருடம் கையில் வைத்திருந்து ஒரு வீடுகூடக் கட்டிக்கொள்ளாதவர் இன்னொருவரைக் காட்டுங்கள் பார்ப்போம். நமக்கு உறுத்துவது வேறு. தலித் தலைவர் ஏழையாகச் சாகும்போதுதான் எல்லாச் சாதிக்காரர்களும் ஒன்றாகக் கை தட்டுகிறார்கள். அவர் கோயிலுக்குள் போனபோது தட்டவில்லை, பூசையை நிறுத்தினார்கள். பத்து வருடம் அமைச்சராக இருந்தவருக்கு முறையான ஓய்வூதியமும் மருத்துவமும் ஏன் தற்செயலான ஒரு சந்திப்பின் மூலமாகத்தான் கிடைக்க வேண்டியிருந்தது என்று அந்த மேடைகளில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அழகான கதை கெட்டுவிடும் போலிருக்கிறது.

அந்தப் பள்ளியில் அன்று நாம் சொன்ன பதில் அரைகுறையானது. வைகை அணையைச் சொன்னோம், அரசியல் நிர்ணய சபையைச் சொன்னோம். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜூலை 8 அன்று மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். பிள்ளைகளை முதலில் தும்பைப்பட்டி மணிமண்டபத்துக்கும், அங்கிருந்து மீனாட்சி கோயிலுக்கும் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருக்கிறோம். பஸ்ஸுக்குப் பணம் திரட்ட வேண்டும். மருத்துவமனைக் கதையை அன்றைக்குக் கடைசியில்தான் சொல்வதாக இருக்கிறோம்.