அக்னர் கிராரப் எர்லாங்

அக்னர் கிராரப் எர்லாங் (ஜனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளரும் பொறியாளரும் ஆவார். தொலைபேசி அழைப்புகளின் நெரிசலை நிகழ்தகவு முறையில் ஆராய்ந்து வரிசைக் கோட்பாட்டுக்கு அடித்தளமிட்டார். இன்றைய தீச்சுவர்கள் செய்யும் போக்குவரத்துச் சீராக்கமும் இவர் எழுப்பிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

வாழ்க்கை

யூட்லாந்தின் லொன்போர்க் என்னும் ஊரில் பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். 14 வயதில், சிறப்பு அனுமதி பெற்று, கோபனாவன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார். 1901-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் ஏழு ஆண்டுகள் பள்ளிகளில் கற்பித்தார். கணிதவியலாளர் சங்கத்தின் வழியாக, யென்சன் சமனிலியால் அறியப்படும் யோகான் யென்சனின் அறிமுகம் கிடைத்தது. யென்சன் கோபனாவன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர். அந்நிறுவனத்தில் எர்லாங் 1908-இல் சேர்ந்தார். இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். ஏணி சுமக்கும் பணியாளர் ஒருவருடன் தெருக்குழிகளில் இறங்கித் தாமே அளவீடுகள் எடுப்பார். திருமணம் செய்துகொள்ளவில்லை.

பணி

1882-இலேயே சென்னை உட்பட உலகின் பல நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் இயங்கின. ஆயினும் எத்தனை தடங்கள் போதும் என்பதற்குத் திடமான கணக்கு இல்லை. குறைந்தால் அழைப்புகள் இழக்கப்படும். கூடினால் பணம் வீணாகும். அழைப்புகள் தற்செயலாக வருவதை 1909-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும், இழப்பு, காத்திருப்பு ஆகியவற்றுக்கான வாய்பாடுகளை 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் எர்லாங் அளித்தார்.

ஒரே வேளையில் சராசரியாக 10 உரையாடல்களுக்குத் தேவை இருப்பதாகக் கொள்வோம். 10 தடங்கள் மட்டும் அமைத்தால் ஏறத்தாழ 21 விழுக்காடு அழைப்புகள் இழக்கப்படும். இழப்பை ஒரு விழுக்காட்டுக்குக் கீழ் குறைக்க 18 தடங்கள் வேண்டும். தேவை 100 ஆனால் 117 தடங்களே போதும். பெரிய இணைப்பு சிக்கனமானது என்பது இவ்வாறு எண்களால் நிறுவப்பட்டது.

கணினி வலையமைப்புகளில்

எர்லாங்கின் கணக்கு அழைப்புகள் ஒன்றையொன்று சாராமல் வருவதாகக் கொள்கிறது. தரவுப் பொதிகள் அப்படி வருவதில்லை, கூட்டம் கூட்டமாக வருகின்றன. 1990களின் ஈத்தர்நெட் அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டின.

2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடிக் கம்பிவடம் எவ்வளவு அகன்றதாயினும், பட்டினப்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் இணைப்பு குறுகியதே. நெரிசல் அங்கேதான் ஏற்படும். அங்குள்ள தீச்சுவர் பொதிகளை வரிசையில் நிறுத்தி, பேச்சு போன்ற அவசரமானவற்றை முன்னே விட்டு, மற்றவற்றைக் குறித்த வேகத்தில் விடுவிக்கிறது.

ஆனால் தன் வரிசையில் உள்ள பொதிகளை மட்டுமே அது ஒழுங்குபடுத்த முடியும். வலையட்டையின் இயக்கி நிரல் பொதிகளை மொத்தமாக அட்டையின் தாங்ககத்துக்கு மாற்றிவிட்டால் அவை கைநழுவிப் போகின்றன. கிகாபிட் வேக அட்டைகள் பல வரிசைகளை வைத்திருப்பதால் சிக்கல் மேலும் கடினமாகிறது. பிஎஸ்டி இயங்குதளங்களுக்காக 1990களில் சப்பானில் உருவான ஆல்ட்கியூ, அதற்கேற்பத் திருத்தப்பட்ட இயக்கிகளுடன் மட்டுமே செயற்படுவது இதனாலேயே.

நினைவு

தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு 1946-இல் எர்லாங் எனப் பெயரிடப்பட்டது. 1980களில் எரிக்சன் நிறுவனத்தில் உருவான நிரல்மொழியும் இப்பெயரைத் தாங்குகிறது.