மைதானம் மறுக்கப்பட்ட மங்கை

நுழையும்முன்

தாளடி அறுவடை முடிந்து, களத்தில் வைக்கோற்போர் ஏறிய பிறகு, காவிரிப் படுகையின் ஊர்தோறும் விளையாட்டுக் களங்கள் தாமாகவே தோன்றிவிடும். உளுந்தும் பயறும் தெளிக்காமல் விடப்பட்ட வயல் ஒன்று போதும். வரப்பே எல்லைக்கோடு, நட்டுவைத்த மூங்கிற்கழிகளே கோல் கம்பங்கள். இக்களங்களில் நெடுங்காலம் ஆண்பிள்ளைகளே பந்து உதைத்தனர். பெண்பிள்ளைகள் வரப்போரம் நின்று பார்த்தனர். இன்று நிலை மாறி வருகிறது. 2018ஆம் ஆண்டு கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்து இறுதிப் போட்டியில், தமிழ்நாட்டு அணி மணிப்பூரை வென்று முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியது. பெண்கள் பந்தைத் தொடுவதற்கே பெரும் விலை கொடுக்க நேர்ந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஆடிய ஒருவரின் வாழ்க்கையைக் கூறுவதே இப்பாடம்.

கண்ணாடி நகரத்துச் சிறுமி

இங்கிலாந்தின் வடமேற்கே, அந்நாளில் லங்காஷயரைச் சேர்ந்திருந்த செயின்ட் எலன்ஸ் என்னும் ஊர் உள்ளது. கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் பெயர்பெற்றது அவ்வூர். அங்கே கண்ணாடி ஆலைக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளாக 1905ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் லில்லி பார் பிறந்தார். உடன்பிறந்தோருடன் சேர்த்து வீட்டில் குழந்தைகள் எழுவர். தையலும் சமையலும் பெண்ணுக்கு உரியவை எனக் கருதப்பட்ட அந்நாளில், லில்லியின் மனமோ தம் சகோதரர்களின் விளையாட்டிலேயே ஊன்றி நின்றது. வீட்டுக்கு அருகிலிருந்த வெற்றிடத்தில் அவர்களோடு கால்பந்தும் ரக்பியும் ஆடினார். இடக்காலால் பந்தை உதைப்பதில் அவருக்கு இயல்பாகவே அமைந்திருந்த ஆற்றல் அங்குதான் உரம் பெற்றது.

அக்காலத்துப் பந்து தடித்த தோலால் ஆனது. மழையில் நனைந்துவிட்டால் நீரை உறிஞ்சிக் கல்போல் கனக்கும். அதனை மைதானத்தின் ஓரத்திலிருந்து நடுப்பகுதிக்கு உயர்த்தி அனுப்புவது வளர்ந்த ஆண்களுக்கே அரிய செயல். பதினான்கு வயதுச் சிறுமி அதனை எளிதாகச் செய்தார் என்றால், பார்த்தவர் வியந்ததில் வியப்பில்லை.

ஆலையில் முளைத்த அணி

முதல் உலகப்போர் நமக்கும் தொலைவானதன்று. 1914ஆம் ஆண்டு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசியதை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதே போரின்போது இங்கிலாந்தில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, ஆலைகளின் வேலையைப் பெண்கள் ஏற்றனர். பிரெஸ்டன் நகரில் டிராம் வண்டிகளும் தொடர்வண்டி எந்திரங்களும் செய்துவந்த டிக் கெர் ஆலை, வெடிப்பொருள் செய்யும் ஆலையாக மாறியது. அங்கு வேலை செய்த பெண்கள் உணவு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்தனர். ஆலையில் இருந்த பயிற்சி இளைஞர்களை எதிர்த்து ஆடி வென்றனர். இவ்விளையாட்டே ஓர் அணியாக வளர்ந்தது. ஆலை அலுவலகத்தில் பணியாற்றிய ஆல்ஃபிரட் ஃபிராங்லண்ட் என்பவர் அதன் மேலாளரானார்.

1917ஆம் ஆண்டு கிறித்துமசு நாளில் பிரெஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் இவ்வணி முதன்முறையாகப் பெருங்கூட்டத்தின் முன் ஆடியது. வந்திருந்தோர் பத்தாயிரம் பேர். காயமுற்ற வீரர்களுக்கான மருத்துவமனைக்குப் பணம் திரண்டது. டீப்டேல் என்னும் இப்பெயரை மாணவர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பாடத்தின் இறுதியில் அது மீண்டும் வரும்.

போர் முடிந்தது. எனினும் அணி கலையவில்லை. செயின்ட் எலன்ஸ் மகளிர் அணிக்காக ஆடிக்கொண்டிருந்த லில்லியின் ஆட்டத்தை ஃபிராங்லண்ட் கண்டார். உடனே தம் அணிக்கு அழைத்தார். டிக் கெர் ஆலையில் வேலையும், ஆட்டம் ஒன்றுக்குப் பத்து ஷில்லிங் தொகையும் தருவதாக உறுதியளித்தார். வீட்டை விட்டுப் பிரெஸ்டன் சென்ற லில்லி, உடன் ஆடிய ஆலிஸ் நாரிஸ் என்பவரின் குடும்பத்தோடு தங்கினார். முதலில் பின்களத்தில் ஆடியவர், விரைவிலேயே இடப்பக்க முன்கள ஆட்டக்காரரானார். ஏறத்தாழ ஆறடி உயரம், கருங்கூந்தல், குறைந்த பேச்சு. அவர் உதைத்த பந்தைத் தடுக்க முயன்ற ஆண் கோல்காவலர் ஒருவரின் கை முறிந்தது என்றொரு கதை இன்றும் அங்கு வழங்குகிறது. நம்மூர்ச் சிலம்ப ஆசான்களைப் பற்றி வழங்கும் கதைகளைப் போன்றதே இதுவும். கதை எப்படியாயினும், அவரது காலின் வலிமையை உடன் ஆடியோர் அனைவரும் ஒப்புக்கொண்டனர்.

ஐம்பத்து மூவாயிரம் பேர்

1920ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மகளிர் அணி இங்கிலாந்துக்கு வந்தது. அதனை அழைத்து வந்தவர் ஆலிஸ் மில்லியா. பெண்களுக்கு ஒலிம்பிக் களத்தில் இடம்வேண்டிப் பிற்காலத்தில் போராடியவர் இவரே. டீப்டேலில் நடந்த முதல் ஆட்டத்தை இருபத்தையாயிரம் பேர் கண்டனர். அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் டிக் கெர் அணி பிரான்சுக்குச் சென்று பாரிஸ், ரூபே, லு ஆவர், ரூவான் ஆகிய நகரங்களில் ஆடியது. கண்ணாடி ஆலைத் தொழிலாளியின் மகள், பதினைந்து வயதில், கடல் கடந்து அயல்நாட்டு மைதானத்தில் நின்றார்.

அந்த ஆண்டின் டிசம்பர் 26ஆம் நாளை மகளிர் கால்பந்து வரலாறு மறவாது. லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். எதிரணி செயின்ட் எலன்ஸ். லில்லி பிறந்த ஊரின் அணி, அவர் முன்பு ஆடிய அணி. மைதானத்தினுள் ஐம்பத்து மூவாயிரம் பேர். இடமின்றி வெளியே நின்று திரும்பியோர் பல்லாயிரவர். அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஃபுளோரி ரெட்ஃபோர்டு தொடர்வண்டியைத் தவறவிட்டமையால், பின்களத்தில் ஆடிவந்த அணித்தலைவி ஆலிஸ் கெல் இரண்டாம் பாதியில் முன்களத்துக்கு வந்து மூன்று கோல் அடித்தார். டிக் கெர் அணி நான்கு கோல்களால் வென்றது. அறப்பணிக்காகத் திரண்ட தொகை 3,115 பவுன்.

அடுத்த ஆண்டான 1921இல் அவ்வணி அறுபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆடியது. ஆட்டக்காரர்களோ முழுநேர விளையாட்டு வீரர்கள் அல்லர். பகல் முழுதும் ஆலையில் உழைத்தவர்கள். மாலையில் தொடர்வண்டி ஏறிச் சென்று ஆடி, இரவில் திரும்பி, விடியலில் மீண்டும் வேலைக்குச் சென்றனர். நடவு நாளில் கோழி கூவும் முன் எழுந்து வீட்டு வேலை முடித்து, பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்று, மாலையில் மீண்டும் அடுப்படி புகும் பெண்களைக் கண்டு வளரும் நம் மாணவர்களுக்கு இவ்வுழைப்பை விளக்க வேண்டியதில்லை.

மதகு அடைபட்டது

இத்தகைய வளர்ச்சியைச் சிலர் விரும்பவில்லை. 1921ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையின்றி வருந்தியபோது, அவர்தம் குடும்பங்களுக்காகவும் மகளிர் அணிகள் ஆடிப் பணம் திரட்டின. இதுவும் மேலிடத்தாரின் மனக்கசப்புக்கு ஒரு காரணம் என ஆய்வாளர்கள் சிலர் கருதுவர். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்றும், திரட்டிய பணத்தில் பெரும்பகுதி செலவினங்களுக்கே போய்விடுகிறது என்றும் காரணங்கள் காட்டப்பட்டன. தன் உறுப்பினராகிய கழகங்கள் எவையும் பெண்கள் ஆடத் தம் மைதானத்தைத் தரலாகாது எனச் சங்கம் கேட்டுக்கொண்டது.

இத்தடையின் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்கள் கால்பந்து ஆடக்கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல அதற்கு அதிகாரமும் இல்லை. மைதானத்தை மட்டுமே மறுத்தது. ஆனால் பல்லாயிரவர் அமரும் அரங்குகள் யாவும் அச்சங்கத்தைச் சேர்ந்த கழகங்களிடமே இருந்தன. அரங்கு இல்லையேல் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையேல் நுழைவுக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லையேல் பயணச் செலவுக்கும் வழியில்லை.

காவிரிப் படுகையில் பிறந்தோர் இதனை எளிதில் உணர்வர். தலைப்பில் மதகை அடைத்தால் அருகிலுள்ள வயல் உடனே காய்ந்துவிடாது. முதலில் காய்வது கடைமடையே. டிக் கெர் போன்ற பேரணி ரக்பி மைதானங்களிலும் பூங்காக்களிலும் திறந்த வெளிகளிலும் ஆடி உயிர்தரித்தது. நாடெங்கும் அப்போது தோன்றியிருந்த ஏறத்தாழ 150 மகளிர் அணிகளுள் பெரும்பாலானவை, பெயர் சொல்லவும் ஆளின்றி மறைந்தன.

கடல் கடந்த ஆட்டம்

உள்நாட்டில் கதவு அடைபடவே, 1922ஆம் ஆண்டு அணியினர் கப்பலேறிக் கனடா சென்றனர். கரை இறங்கியதும் அவர்களை எதிர்கொண்டது மற்றொரு மறுப்பு. கனடாவின் கால்பந்துச் சங்கமும் அவர்களை ஆட அனுமதிக்கவில்லை. அங்கிருந்து அமெரிக்கா சென்றால், எதிர்த்து ஆட மகளிர் அணிகள் கிடைக்கவில்லை. ஏற்பாடு செய்யப்பட்டிருந்த எதிரணிகள் அனைத்தும் ஆடவர் அணிகள்! ஆலைப் பெண்கள் பின்வாங்கவில்லை. நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் நடந்த முதல் ஆட்டத்தில் தோற்றனர். எனினும், ஊர் ஊராகச் சென்று ஆடிய ஒன்பது ஆட்டங்களில் மூன்றில் வென்று, மூன்றைச் சமன்செய்து, மூன்றில் மட்டுமே தோற்றனர். வாஷிங்டன் நகரில் ஆடவர் அணியோடு நான்குக்கு நான்கு எனச் சமன்செய்தனர். லில்லி பாருக்கு அப்போது வயது பதினேழு.

தாதியாக நின்ற வீராங்கனை

திரும்பிய சில ஆண்டுகளில் ஆலை நிருவாகத்துக்கும் ஃபிராங்லண்டுக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டது. அந்த ஆலை அப்போது இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கையில் இருந்தது. பிற்காலத்தில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் ஆலை அமைத்த அதே நிறுவனமே இது. 1926இல் அணி பிரெஸ்டன் மகளிர் அணி எனப் பெயர் மாறியது. ஆலைத் தொடர்பு அற்றுப்போன ஆட்டக்காரர்களுக்குப் பிழைக்க வேறு வழி வேண்டுமல்லவா? லில்லி பாரும் ஃபுளோரி ரெட்ஃபோர்டும் பிரெஸ்டனுக்கு அருகிலிருந்த விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் பணியில் சேர்ந்தனர். லில்லி முறையாகச் செவிலியர் பயிற்சி பெற்று, ஓய்வுபெறும் வரை அங்கேயே பணிபுரிந்தார்.

அவர் வாழ்வின் மிக நீண்ட பகுதி இதுவே. ஆயினும் இது குறித்து எழுதியோர் குறைவு. ஐம்பதாயிரம் பேரின் ஆரவாரத்தைக் கேட்ட செவிகள், பின்னர் மனம் நொந்தோரின் புலம்பலைக் கேட்டன. வார நாள்களில் நோயாளர்க்குத் தொண்டு. விடுமுறை நாள்களில் ஏதேனும் ஓர் ஊரின் திறந்தவெளியில் ஆட்டம். இரண்டாம் உலகப்போரால் இடையில் நின்ற அணி, போர் முடிந்தபின் மீண்டும் கூடியது; நாற்பது வயதைக் கடந்த லில்லியும் மீண்டும் வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆடிய பின்னரே, 1951ஆம் ஆண்டளவில் களத்தை விட்டு விலகினார். அவர் அடித்த கோல்கள் ஆயிரத்தை ஒட்டியவை என மதிப்பிடுவர். மதிப்பீடு என்றுதான் கூற முடிகிறது. சங்கம் ஏற்காத ஆட்டங்களுக்கு அதிகாரமுறைப் பதிவேடு ஏது?

1965இல் அணி கலைந்தது. மைதானத் தடை நீங்கியதோ 1971ஆம் ஆண்டில். ஐம்பது ஆண்டுகள்! பதினாறு வயதில் தடையை எதிர்கொண்ட பெண், அது நீங்கியபோது அறுபத்தாறு வயது மூதாட்டி. இடையில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை மருத்துவமும் செய்துகொண்டிருந்தார். இளம்பெண்கள் மீண்டும் முறையான மைதானங்களில் ஆடியதைக் காணும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிட்டியது. 1978ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், தாம் வாங்கி வாழ்ந்த சிற்றூர் இல்லத்தில் லில்லி பார் இயற்கை எய்தினார். பிறந்த ஊரான செயின்ட் எலன்ஸிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

2002ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம், தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கென ஒரு பெருமைப் பட்டியலைத் தொடங்கியது. அதில் இடம்பெற்ற முதல் பெண் லில்லி பார். அருங்காட்சியகம் அப்போது அமைந்திருந்த இடம், பிரெஸ்டனின் டீப்டேல் மைதானம். பிற்காலத்தில் அது மான்செஸ்டர் நகருக்கு இடம்பெயர்ந்தது. 2019ஆம் ஆண்டு அங்கே அவருக்கு முழு உருவச் சிலை நிறுவப்பட்டது. காலடியில் பந்தோடு நிற்கிறார் லில்லி.